பச்சை ரத்தமும் பணம் கேட்கும் பெட்டியும்: வயதுச் சான்றிதழ் எதை அளக்கிறது?

கேள்வி: நடுநிசி ஆட்டக்காரன்

அனைவருக்கும் வணக்கம். வீடியோ கேம் வன்முறை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அது ரத்தம், கொலை, துப்பாக்கி ஆகியவற்றையே சுற்றிச் சுற்றி வருகிறது. பள்ளிப் பருவத்திலிருந்து விளையாடி வருபவன் என்ற முறையில் எனக்கு இதில் நெடுநாளாக ஒரு மாற்றுக் கருத்து உண்டு. அதை இங்கே சற்று விரிவாக வைத்து, மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் உள்ளிட்ட 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. நாட்டின் பாதுகாப்பே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது என்றாலும், அதற்கு முந்தைய ஆண்டே ராஜ்கோட் காவல்துறை அந்த விளையாட்டுக்குத் தடை விதித்து, விளையாடிய இளைஞர்களைக் கைது செய்யும் அளவுக்குப் போயிருந்தது. 2021 ஜூலையில் அது பி.ஜி.எம்.ஐ. (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) என்ற பெயரில் திரும்பி வந்தபோது, குண்டு பட்ட உடலிலிருந்து சிவப்புக்குப் பதிலாகப் பச்சை நிறம் தெறித்தது. 18 வயதுக்குட்பட்டவர்கள் நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் விளையாட முடியாது என்ற வரம்பும் சேர்ந்து வந்தது. பெற்றோர் பலருக்கு இதெல்லாம் ஆறுதலாகவே இருந்தது. ஆனால் அதே விதிகளில் இன்னொரு வரியும் இருந்தது: 18 வயதுக்குட்பட்டவர் ஒரு நாளில் செலவழிக்கக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு 7,000 ரூபாய். மாதத்துக்கு அன்று, ஒரு நாளுக்கு. ரத்தம் பச்சையானதைக் கேலி செய்தும் பாராட்டியும் எத்தனையோ பேர் எழுதினார்கள். இந்த 7,000 ரூபாய் யாருடைய கண்ணையும் உறுத்தியதாக எனக்குத் தெரியவில்லை.

ஃபோர்ட்நைட்டில் இது இன்னும் நேர்த்தியாக நடக்கிறது. 2017இல் வந்த அந்த விளையாட்டில் நூறு பேர் ஒரு தீவில் இறங்கி, கடைசியாக ஒருவர் மிஞ்சும்வரை சுட்டுக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. வீழ்ந்தவரின் தலைக்கு மேல் ஒரு ட்ரோன் தோன்றி அவரை அப்படியே எடுத்துக்கொண்டு மறைந்துவிடும். மிதமான வன்முறை என்று கருதி ஐரோப்பாவின் பெகி அமைப்பு அதற்கு 12 வயது என்று சான்றளித்திருக்கிறது. இவ்வளவு சுத்தமான விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனம்தான், 2022 டிசம்பரில், அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் எழுப்பிய புகார்களை முடித்துக்கொள்ள மொத்தம் 52 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதில் 27.5 கோடி, சிறுவர்களின் தகவல்களைத் திரட்டியது தொடர்பானது. மீதி 24.5 கோடி, விளையாடுபவர்களை அவர்கள் அறியாமலேயே செலவழிக்க வைத்தது தொடர்பானது. உறங்கிக் கிடக்கும் விளையாட்டை எழுப்பும்போதோ, அடுத்த திரை வருவதற்காகக் காத்திருக்கும்போதோ, ஓர் ஆடையைச் சும்மா பார்ப்பதற்காகப் பக்கத்துப் பொத்தானை அழுத்தப்போய் விரல் தவறினாலோ, ஒரே அழுத்தில் பணம் கழிந்துவிடும்படி பொத்தான்கள் அமைக்கப்பட்டிருந்தன என்பது கமிஷனின் குற்றச்சாட்டு.

விளையாடாதவர்களுக்காக, பல விளையாட்டுகளில் பணம் கொடுத்து 'லூட் பாக்ஸ்' என்ற பெட்டியைத் திறப்பது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். திரையில் ஓர் இரும்புப் பெட்டி நிற்கும். தொட்டதும் லேசாக அதிரும். இடுக்குகளில் ஒளி கசியும். அந்த ஒளி நீலமா, ஊதாவா, பொன்னிறமா என்று பார்ப்பதில்தான் விளையாட்டே இருக்கிறது, ஏனென்றால் நிறத்தை வைத்தே உள்ளிருப்பது சாதாரணமா அரியதா என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் நீலம்தான் வரும். ஏற்கெனவே கையில் இருக்கும் சட்டையோ, யாரும் அணிய விரும்பாத தொப்பியோ வெளியே விழும். அதே நொடியில், பத்துப் பெட்டிகளைச் சேர்த்துத் திறந்தால் தள்ளுபடி என்று பக்கத்தில் ஒரு பொத்தான் மின்னும்.

இதை எந்த வயதுச் சான்றிதழும் அளப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கால்பந்து விளையாட்டான ஃபிஃபா வரிசைக்குப் பெகி ஒவ்வோர் ஆண்டும் 3 வயது என்றே சான்றளித்து வந்தது. வீரர்களின் அட்டைகளை உறைக்குள் இட்டு, உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாமலேயே வாங்க வைக்கும் அல்டிமேட் டீம் அதே விளையாட்டில்தான் இருக்கிறது. 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், ஃபிஃபா 18இல் இருக்கும் இந்த உறைகள் தங்கள் நாட்டுச் சட்டப்படி சூதாட்டமே என்று அறிவித்தது. மூன்று வயதுக் குழந்தைக்கு ஏற்றது என்று ஒரு மேசையிலும், சூதாட்டம் என்று இன்னொரு மேசையிலும் ஒரே பொருளைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள்.

மறுபக்கம், 2020இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெகி 18. நான் விளையாடியவற்றிலேயே கொடூரமானது அதுதான். ஒருவனைக் கொன்றால் அவனுடைய கூட்டாளி அவன் பெயரைச் சொல்லிக் கதறுகிறான். காவல் நாயை வீழ்த்தினால் அதை நடத்தி வந்தவள் அதன் பெயரைச் சொல்லிக் கூவுகிறாள். அதற்குப் பிறகு, அடுத்த எதிரியைச் சுடாமலேயே புதருக்குள் ஊர்ந்து கடந்துவிட முடியுமா என்று வழி தேட ஆரம்பித்தேன். காசு கொடுத்து ஒருமுறை வாங்கினேன். அதன்பிறகு அது என்னிடம் எதையும் விற்க முயலவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான்: ரத்தத்தைத் துடைப்பது அறத்துக்காகச் செய்யப்படுவதன்று, சந்தையைப் பெரிதாக்கச் செய்யப்படுவது. மரணத்தின் கனத்தைக் காட்டும் விளையாட்டைப் பூட்டி வைத்துவிட்டு, மரணத்தைச் சிறு இடைஞ்சலாக்கிக் கடை நடத்தும் விளையாட்டைப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறோம். வயதைத் தீர்மானிக்கும்போது வன்முறைக்குத் தரும் எடையைப் பணம் பறிக்கும் முறைக்கும் தர வேண்டும் என்கிறேன். நீங்கள் உடன்படுகிறீர்களா?

பதில்: பொருநை டீச்சர்

நண்பருக்கு வணக்கம். நான் விளையாடுபவள் அல்லள். தொடக்கப்பள்ளி ஆசிரியை, இரண்டு பிள்ளைகளின் தாய். பணத்தைப் பற்றி நீங்கள் சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் அதைச் சொல்லும் வேகத்தில், ரத்தத்தைப் பற்றிய கவலை வீணானது என்ற தோற்றத்தை உண்டாக்கிவிட்டீர்கள்.

ஆய்வுகள் சொல்வது இரு தரப்பினரும் மேற்கோள் காட்டுவதைவிட அடக்கமானது. அமெரிக்க உளவியல் கழகம் 2020இல் தன் தீர்மானத்தைத் திருத்தியபோது, வீடியோ கேம்தான் வன்செயலுக்குக் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று தெளிவாகக் கூறியது. அதே தீர்மானம், கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்துடன் ஒரு சிறிய தொடர்பு மீண்டும் மீண்டும் காணப்படுகிறது என்றும் கூறியது. துப்பாக்கிச் சூடு நடந்தவுடன் விளையாட்டைக் கை காட்டும் அரசியல்வாதிகள் முதல் பாதியை மறைக்கிறார்கள்; விளையாடுபவர்கள் இரண்டாம் பாதியை மறைக்கிறார்கள். 2019இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வும் தொடர்பு எதுவும் இல்லை என்றே முடிவு சொன்னது. ஆனால் அது ஆராய்ந்தது 14, 15 வயதுப் பிள்ளைகளை. என் வகுப்பில் இருப்பவர்களுக்கு ஒன்பது வயது. சென்ற ஆண்டு ஒரு மாணவன், ஒரு விளையாட்டில் தலை துண்டாகும் காட்சியை அண்ணனின் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, கழிப்பறைக்குத் தனியாகப் போக மறுத்தான். அவன் யாரையும் அடிக்கப் போவதில்லை. அவன் பயந்திருக்கிறான், அவ்வளவுதான். வன்முறை பற்றிய பேச்சு முழுவதும், பிள்ளை நாளைக்குக் கொலைகாரனாவானா என்பதிலேயே நின்றுவிடுவதால், இன்று இரவு அவன் தூங்குவானா என்பதைக் கேட்க ஆளில்லை.

இன்னொன்று. திரைப்படத்துக்குத் தணிக்கை வாரியம் இருக்கிறது. 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரித்துக்கூடச் சான்றிதழ் தருகிறார்கள். வீடியோ கேமுக்கு நம் நாட்டில் அப்படி ஒரு வாரியம் கிடையாது. பிளே ஸ்டோரில் காணப்படும் வயது எண், விளையாட்டை உருவாக்கியவரே நிரப்பும் கேள்வித்தாளின் அடிப்படையில் பன்னாட்டு அமைப்பு ஒன்றின் வழியாக வருவது. அந்த எண்ணும் எங்கள் வீடுகளில் வேலை செய்வதில்லை, ஏனென்றால் கைபேசி அப்பாவுடையது, கணக்கு அப்பாவுடையது. கருவியைப் பொறுத்தவரை விளையாடுபவருக்கு நாற்பது வயது. எந்த நிறத்தை அளப்பது என்று நீங்கள் விவாதிக்கிறீர்கள், இங்கே அளவுகோலே இல்லை.

பதில்: பழைய கன்ட்ரோலர்

இந்த விவாதத்துக்கு முப்பது ஆண்டு வயதாகிறது. கேள்வி கேட்டவர் சொல்வது போல, ரத்தம் தொடக்கத்திலிருந்தே வியாபார விஷயம்தான். ஆனால் அன்று கணக்கு நேர்மாறாக இருந்தது.

ரத்தம் தெறிக்கும் சண்டை விளையாட்டான மார்ட்டல் காம்பாட் 1993 செப்டம்பரில் வீட்டுக் கருவிகளுக்கு வந்தது. குடும்பங்களின் நிறுவனம் என்ற பெயரைக் காப்பாற்ற விரும்பிய நின்டெண்டோ, தன் கருவிக்கான பதிப்பில் ரத்தத்தைச் சாம்பல் நிற வியர்வையாக மாற்றச் செய்தது. போட்டியாளரான சேகாவின் கருவியில், ஏ, பி, ஏ, சி, ஏ, பி, பி என்று பொத்தான்களை வரிசையாக அழுத்தினால் ரத்தம் திரும்பி வந்துவிடும். பத்திரிகைகள் அந்த வரிசையை அச்சிட்டன. பள்ளிக்கூடங்களில் அது வாய்ப்பாடாயிற்று. நின்டெண்டோ பதிப்பு பார்வைக்கு மேலாக இருந்தும், சேகா பதிப்பே அதிகம் விற்றது. மறு ஆண்டு இரண்டாம் பாகம் வந்தபோது நின்டெண்டோவும் ரத்தத்தை அனுமதித்துவிட்டது. இடையில் 1993 டிசம்பர் 9 அன்று, லீபர்மன், கோல் ஆகிய இரு செனட்டர்கள் தலைமையில் வீடியோ கேம் வன்முறை பற்றி வாஷிங்டனில் விசாரணை நடந்தது. டூம் என்ற ரத்தக்களரியான சுடும் விளையாட்டு அதற்கு மறுநாள் வெளியானது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. அரசே சட்டம் போட்டுவிடும் என்று அஞ்சிய நிறுவனங்கள் 1994இல் ஈ.எஸ்.ஆர்.பி. என்ற சான்றிதழ் அமைப்பைத் தாங்களே தொடங்கிக்கொண்டன. அந்த அமைப்பு ஏன் பணத்தை அளக்கத் தயங்குகிறது என்பதற்கான விடை அதன் பிறப்பிலேயே இருக்கிறது. 'விளையாட்டுக்குள் கொள்முதல் உண்டு' என்ற குறிப்பை அட்டையில் சேர்க்க அதற்கு 2018 வரை ஆயிற்று. குறிப்பு வந்தது, வயது எண் நகரவில்லை.

பச்சை ரத்தமும் புதிதன்று. 1997இல் கார்மகெடன் என்ற விளையாட்டில் பாதசாரிகள் மீது காரை ஏற்றினால் மதிப்பெண் கிடைத்தது. பிரிட்டனின் சான்றிதழ் வாரியம் அதை மறுத்தது. மனிதர்களை நடைபிணங்களாக்கி, ரத்தத்தைப் பச்சையாக்கியவுடன் அதே கார், அதே வேகம், அதே மதிப்பெண்ணுடன் அது கடைக்கு வந்தது. பின்னர் மேல்முறையீட்டில் பழைய பதிப்புக்கும் அனுமதி கிடைத்தது. ஜெர்மனியில் ஹாஃப்-லைஃப் விளையாட்டின் ராணுவ வீரர்களை ரோபோக்களாக்கி விற்றார்கள். சுடுவது மாறவில்லை, சுடப்படுபவரின் தோல்தான் மாறியது.

அதற்காக அரசே தடை போடட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வன்முறை விளையாட்டுகளைச் சிறுவருக்கு விற்பதைத் தடுக்கக் கலிஃபோர்னியா கொண்டுவந்த சட்டத்தை அமெரிக்க உச்சநீதிமன்றம் 2011இல், ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் செல்லாது என்றது. புத்தகத்துக்கும் நாடகத்துக்கும் உள்ள பேச்சுரிமை விளையாட்டுக்கும் உண்டு என்பதும், சிறுவருக்குச் சொல்லப்படும் தேவதைக் கதைகளிலேயே கொலைக்குப் பஞ்சமில்லை என்பதும் அந்தத் தீர்ப்பின் வாதங்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. கதை சொல்லும் உரிமை வேறு, சீட்டுக் குலுக்கும் உரிமை வேறு. முன்னதைக் காக்கும் வாதங்களைப் பின்னதற்குக் கேடயமாக்குவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

கேள்வி கேட்டவருக்கு ஒரு திருத்தம்: எந்தச் சான்றிதழும் அளப்பதில்லை என்று எழுதியது முழுவதும் சரியன்று. ஜெர்மனியில் வயதுச் சான்றிதழ் தரும் யு.எஸ்.கே. அமைப்பு 2023 முதல் இத்தகைய கொள்முதல் முறைகளையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஃபிஃபா 23க்கு எல்லா வயதினருக்கும் உரியது என்று சொன்ன அதே அமைப்பு, அதன் வாரிசான ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி. 24க்கு 12 என்றது. ஆஸ்திரேலியாவிலும் 2024 செப்டம்பர் முதல், பணம் கொடுத்துத் திறக்கும் லூட் பாக்ஸ் உள்ள புதிய விளையாட்டுகளுக்குக் குறைந்தது எம் (15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுவது) என்ற சான்றிதழ் தந்தாக வேண்டும்.

பதில்: முப்பரிமாணத் தச்சன்

நான் சென்னையில் இருந்துகொண்டு வெளிநாட்டு விளையாட்டுகளுக்கு முப்பரிமாண மாதிரிகள் செய்து தருபவன். எந்த நிறுவனம் என்று சொல்ல ஒப்பந்தம் இடம் தராது.

விளையாட்டில் ஏன் இத்தனை துப்பாக்கி என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு தொழில் விளக்கம். சுடுவது என்பது கணினிக்கு மிக எளிய வேலை. கேமராவின் நடுவிலிருந்து ஒரு கோடு புறப்படுகிறது. அது எதிரே எதையாவது தொட்டதா இல்லையா என்பது மட்டுமே கேள்வி. உடனே ஒலி, உடனே அதிர்வு, உடனே விளைவு. இரண்டு பாத்திரங்கள் பேசிச் சமாதானம் ஆக வேண்டுமென்றால் வசனம் எழுத வேண்டும், நடிகர் குரல் கொடுக்க வேண்டும், முகம் அசைய வேண்டும், ஒவ்வொரு பதிலுக்கும் கதை கிளை விட வேண்டும், பிறகு அத்தனையையும் பல மொழிகளில் பெயர்க்க வேண்டும். விளையாட்டுகளை உருவாக்க இன்று உலகெங்கும் பயன்படும் அன்ரியல் எஞ்சின் என்ற மென்பொருள்கூட 1998இல் வந்த ஒரு சுடும் விளையாட்டோடுதான் பிறந்தது.

இரண்டாவது காரணத்தைத்தான் வெளியில் இருப்பவர்கள் கவனிப்பதில்லை. முதல் நபர் பார்வையில் ஆடும்போது உங்கள் பாத்திரத்தின் முகம் உங்களுக்குத் தெரியாது, சட்டை தெரியாது, ஆட்டம் முழுவதும் கண் முன்னால் இருப்பது துப்பாக்கி ஒன்றுதான். ஆகவே விற்பனைக்குப் பொருள் வைக்க அதைவிட நல்ல அலமாரி கிடையாது. 2013 ஆகஸ்டில் கவுன்ட்டர் ஸ்டிரைக் என்ற சுடும் விளையாட்டு, துப்பாக்கிகளுக்கு வண்ண ஸ்கின்களையும் (தோற்றத்தை மட்டும் மாற்றும் மேலுறைகள்), அவற்றை உள்ளடக்கிய பெட்டிகளையும், பெட்டிக்குத் தனியாக விலை கொடுத்து வாங்கும் சாவியையும் கொண்டுவந்தபோது இந்தத் தொழிலின் பாதை மாறியது. எனக்கு வரும் பணிக்குறிப்புகளில், துப்பாக்கியின் வலப்பக்கத்தைவிட இடப்பக்கத்தில் கூடுதல் நுணுக்கம் வேண்டும் என்று எழுதியிருக்கும், ஏனென்றால் வலக்கையில் பிடித்திருக்கும்போது விளையாடுபவர் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். ரத்தம் எந்த நிறத்தில் தெறிக்கிறது என்று எவரும் என்னிடம் கேட்டதில்லை. தங்க முலாம் வெயிலில் எப்படி மின்னுகிறது என்று எட்டு முறை திருப்பி அனுப்புவார்கள்.

ஆனால் ரத்தம் செய்பவர்களையும் மறந்துவிடாதீர்கள். மார்ட்டல் காம்பாட் 11 வெளியான 2019இல், அதில் பணியாற்றிய ஒருவர் பெயர் சொல்லாமல் பத்திரிகையிடம் பேசினார். காட்சிகள் உண்மையாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகத் தூக்கிலிடப்பட்டவர்களின் படங்களையும் மாடு அறுக்கும் காணொளிகளையும் நாள் முழுக்கப் பார்க்க நேர்ந்தது என்றும், கனவுகளுக்குப் பயந்து தூக்கத்தையே தவிர்த்தேன் என்றும், பிறகு மனநல மருத்துவரிடம் போக வேண்டியதாயிற்று என்றும் சொன்னார். வன்முறை விளையாடுபவரைக் கெடுக்கிறதா என்று ஆராய்ந்த அளவுக்கு, அதைச் செய்பவரை என்ன செய்கிறது என்று யாரும் ஆராய்வதில்லை.

தொழில் போகும் போக்கைப் பற்றிச் சுருக்கமாக. ஆக்டிவிஷன் பிளிஸார்ட் என்ற பெரிய விளையாட்டு நிறுவனத்தை 2023 அக்டோபரில் 6,870 கோடி டாலருக்கு வாங்கி முடித்த மைக்ரோசாஃப்ட், 2024 ஜனவரியில் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை நீக்கியது. மே மாதம், ஹை-ஃபை ரஷ் என்ற அருமையான தாள விளையாட்டைச் செய்த டாங்கோ கேம்வொர்க்ஸை மூடுவதாக அறிவித்தது. உடைவது எல்லாம் ரோபோ, பெட்டி கிடையாது, விமர்சகர்கள் கொண்டாடினார்கள், அதுவும் காப்பாற்றவில்லை. பின்னர் அதை எடுத்துக்கொண்டது யார் என்று நினைக்கிறீர்கள்? பி.ஜி.எம்.ஐ. நடத்தும் கிராஃப்டன். மறுபுறம், ஆண்டுக்கணக்காகச் செலவழித்து சோனி கொண்டுவந்த கான்கார்ட் என்ற சுடும் விளையாட்டு 2024 ஆகஸ்ட் 23இல் வெளியாகி செப்டம்பர் 6இல் நிறுத்தப்பட்டது. ஆக, சுடும் விளையாட்டு செய்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பதும் உறுதியில்லை. முதலாளிகள் அந்தச் சீட்டையே மறுபடியும் மறுபடியும் எடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

பதில்: 3 ஜி.பி. ராம்

பெரியவர்கள் எல்லோரும் எழுதிவிட்டீர்கள். எதிர்க்கருத்து சொல்ல ஒருவராவது வேண்டுமே. கேள்வி கேட்ட அண்ணன், ஒருமுறை காசு கொடுத்து வாங்கினேன், அதன்பிறகு எதுவும் கேட்கவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறார். அந்த ஒருமுறை எவ்வளவு என்று எழுதவில்லை. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது விலை 49,990 ரூபாய். சோனியின் பெரிய விளையாட்டு ஒன்று 4,999 ரூபாய். என் அப்பா லாரி ஓட்டுநர். எங்கள் ஊரில் அந்த விலையில் இரண்டாம் கை வண்டி வாங்கலாம்.

நாங்கள் விளையாட முடிந்ததே அந்த இலவச விளையாட்டுகளால்தான். என் கைபேசியில் புல் தெரியாது, மரத்தின் நிழல் தெரியாது, எதிரி பச்சைப் புள்ளியாகத்தான் தெரிவான். இருந்தும் மாலையில் கோயில் மண்டபத்துப் படியில் நாலு பேர் உட்கார்ந்து ஒரு அணியாக ஆடுவோம். இதுவரை நான் ஒரு ரூபாய் செலவழித்ததில்லை. யாரோ ஒரு பணக்காரர் தங்கத் துப்பாக்கி வாங்குவதால் எனக்கு சர்வர் ஓடுகிறது. ஸ்கின் போட்டால் குண்டு கூடுதலாகத் துளைக்காது. வாங்காதவனுக்கு ஆட்டத்தில் குறையும் கிடையாது. பெட்டிக்கு வயது எண்ணை ஏற்றினால் நிறுவனங்கள் பெட்டியை எடுத்துவிட்டு நுழைவுக் கட்டணம் வைப்பார்கள். அப்போது முதலில் வெளியே நிற்பவன் நான்தான்.

பதில்: நடுநிசி ஆட்டக்காரன்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. தம்பி ராம் சொன்னதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இலவச விளையாட்டு திறந்துவிட்ட கதவை மூட வேண்டும் என்பது என் எண்ணமன்று. ஆனால் தங்கத் துப்பாக்கியைப் பணக்காரர்தான் வாங்குகிறார் என்பதை நான் ஏற்கவில்லை. லூட் பாக்ஸுக்கு மிகுதியாகச் செலவழிப்பவர்களிடையே சூதாட்டச் சிக்கல் உள்ளவர்கள் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எது எதற்குக் காரணம் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். உங்கள் சர்வருக்கான கட்டணத்தைச் செலுத்துபவர்களில், கையை அடக்க முடியாதவர்களும் உண்டு. மேலும், நான் எதிர்ப்பது விற்பதையன்று, குலுக்கி விற்பதை. எல்லோரும் பார்க்கும்படி விலை எழுதிய ஆடையை விற்றாலே சர்வர் ஓடும். ஃபோர்ட்நைட்டைப் பற்றி அவ்வளவு குறை சொன்ன நான் இதையும் சொல்ல வேண்டும்: அதன் பிரதான ஆட்டத்தின் கடையில் எது என்ன விலை என்று பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அது சம்பாதிக்காமல் போய்விடவில்லை.

நண்பர் தச்சன் சொன்ன அலமாரி விளக்கத்தை நான் யோசித்ததே இல்லை. அது என் கேள்வியையே சற்றுத் திருப்பிவிடுகிறது. வன்முறையும் பணமும் இரண்டு தனித்தனிக் கவலைகள் என்று எண்ணி எழுதினேன். துப்பாக்கியே கடையாக இருக்கும்போது, கடை நடக்கும்வரை துப்பாக்கியும் திரையை விட்டுப் போகாது. ஜெர்மனி 12 என்று எண்ணை மாற்றியதை வரவேற்கிறேன், ஆனால் அது கால்பந்துக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே 18 என்று எண் வாங்கியிருக்கும் சுடும் விளையாட்டில் பெட்டிக்காக ஏற்றுவதற்கு எண் மிச்சம் இல்லை. அங்கே வயது எண் போதாது. பெட்டியில் எது வர எத்தனை சதவீத வாய்ப்பு என்பதையும், அதற்கு எவ்வளவு பணம் செலவாகும் என்பதை ரூபாயிலும், திறக்கும் பொத்தானிலேயே எழுத வேண்டும். விளையாட்டு நாணயத்தில் எழுதினால் கணக்குப் பிடிபடாது.

டீச்சர் அவர்களின் கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டமும் பணம் வைத்து ஆடுவதைத் தடுப்பதிலேயே முனைந்திருக்கிறது. பிள்ளைக்கு எந்தக் காட்சி ஏற்றது என்று பார்த்துச் சொல்லும் வாரியத்தை அது நமக்குத் தரவில்லை. அதுவரை, அப்பாவின் கைபேசியில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிளே ஸ்டோர் அமைப்புகளில், ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் அல்லது கைரேகை கேட்கும்படி வைத்துவிடுங்கள். தலை துண்டாகும் காட்சியை அது தடுக்காது. ஆனால் அந்த மாணவனின் அண்ணன் பெட்டி திறக்க முயன்றால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும்.

பதில்: பொருநை டீச்சர்

நன்றி. அந்த அமைப்பை இன்று மாலையே எங்கள் வீட்டுக் கைபேசிகளில் மாற்றிவிட்டேன். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கரும்பலகையில் படிப்படியாக எழுதிக் காட்டவும் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். ராம் தம்பி, மண்டபத்துப் படியில் ஆடும்போது பக்கத்தில் எத்தனை சிறுவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று ஒருமுறை கவனித்துச் சொல்லுங்கள்.